மாவு தீர்ந்த மாலைகள்: அம்பத்தூர்க் குடும்பம் ஒன்றின் செலவுக் கணக்கு

கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நகைக் கடன் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்கு ஜூன் மாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி திறக்கும் வாரத்தில் கவுன்ட்டர் முன் நிற்பவர்களில் பாதிப் பேர் பிள்ளைகளின் கட்டணத்துக்காக வந்தவர்கள். மாதம் தவறாமல் சம்பளம் வாங்குகிறவர்கள். குடி, சீட்டாட்டம் எதுவும் இல்லாதவர்கள். போனஸ் பணத்தில் நகையைத் திருப்புவார்கள், ஜூனில் மறுபடி கொண்டுவந்து வைப்பார்கள். சிலர் திருப்புவதே இல்லை. வட்டியை மட்டும் கட்டி, மாற்றி வைத்துவிட்டுப் போவார்கள்.

அந்த வரிசையில் நிற்கும் குடும்பம் ஒன்றின் கணக்கை உள்ளே போய்ப் பார்க்கும் வாய்ப்பு பணி ஓய்வுக்குப் பிறகு எனக்குக் கிடைத்தது. குடும்பம் என் தங்கையுடையது. எழுதிக்கொள், பெயர் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

சென்னை அம்பத்தூரில் வாடகை வீடு. தங்கையின் கணவர் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு பட்டறையில் கடைசல் இயந்திரம் ஓட்டுகிறார். தங்கை ஆயத்த ஆடை நிறுவனம் ஒன்றில் தையல் வேலை பார்க்கிறாள். மாலை ஆறரைக்கு முன் வீடு திரும்ப முடியாது. மாமியார், எட்டாம் வகுப்புப் படிக்கும் மகன், ஐந்தாம் வகுப்பு மகள் என ஐந்து பேர். இரண்டு சம்பளம் வந்தும் மாதக் கடைசியில் மளிகைக் கடைக்காரரின் நோட்டில் பாக்கி நிற்கும்.

அவர்களை நெருக்கியது ஏதோ ஒரு பெரிய செலவு அல்ல. 2022 செப்டம்பரில் மின்கட்டணம் உயர்ந்தது. நவம்பரில் ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பால் லிட்டர் 48 ரூபாயிலிருந்து 60 ஆனது. 2023 மார்ச் முதல் தேதி சமையல் எரிவாயு 50 ரூபாய் ஏறி, சென்னையில் 14.2 கிலோ சிலிண்டரின் விலை 1,118 ரூபாய் 50 காசாக வந்து நின்றது. அரை ஆண்டுக்குள் மூன்று அடி. சம்பளம் அதே இடத்தில் இருந்தது. அந்த மார்ச்சில்தான் தங்கை என்னிடம் பேசினாள்.

நோட்டில் நேரத்துக்கு ஒரு கட்டம்

முதல் மாதம் எதையும் குறைக்க வேண்டாம், எழுத மட்டும் செய் என்றேன். வரவு செலவு எழுதும் வழக்கம் அந்த வீட்டில் முன்பே இருந்தது. ஆனால் "மளிகை", "காய்", "இதரம்" என்று எழுதிக்கொண்டே போவார்கள். மாதக் கடைசியில் "இதரம்" எல்லாவற்றையும் விழுங்கியிருக்கும். ஆகவே பொருள், விலை இவற்றோடு வாங்கிய நேரத்துக்கும் வாங்கியவர் யார் என்பதற்கும் தனிக் கட்டம் போடச் சொன்னேன்.

அந்த நேரக் கட்டம்தான் விஷயத்தைக் காட்டிக்கொடுத்தது. அரிசி, பருப்பு, எண்ணெய் மூன்றையும் சேர்த்துக் கூட்டினாலும், பார்சல், கடைப் பலகாரம், பாக்கெட் தின்பண்டம் ஆகியவற்றுக்குப் போன தொகையை எட்டவில்லை. அந்தப் பார்சல்களில் பெரும்பகுதி மாலை ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் வாங்கப்பட்டவை. நான்கு பேருக்குப் பரோட்டா, கூடவே ஒரு ஆம்லெட், பெரியவருக்கு மட்டும் இட்லி. அல்லது கைபேசியில் சொல்லி வரவழைத்த ஃப்ரைடு ரைஸ்.

இது இவர்கள் வீட்டுக்கு மட்டும் உரிய பழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். 2024இல் வெளியான 2022-23 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, நகர்ப்புற இந்தியாவில் மொத்தச் செலவில் உணவின் பங்கு 39 சதவீதம். பானங்கள், சிற்றுண்டி, பதப்படுத்திய உணவு ஆகியவை மட்டும் மொத்தச் செலவில் 10 சதவீதத்தைத் தாண்டுகின்றன. தானியங்களுக்கு 5 சதவீதம்கூடப் போவதில்லை. அரிசி விலையைப் பற்றி ஊரே பேசுகிறது. பணம் போவது வேறு வழியில்.

ஆசையால் வாங்குகிறார்கள் என்றுதான் நானும் முதலில் எண்ணினேன். தங்கை கேட்ட ஒரே கேள்வி அதைத் தீர்த்து வைத்தது: "அண்ணா, மாவு இருந்தால் நான் ஏன் பரோட்டா வாங்கப் போகிறேன்?"

நோட்டைப் புரட்டிச் சரிபார்த்தோம். பார்சல் வாங்கிய நாட்கள் ஏறக்குறைய எல்லாமே இட்லி மாவு தீர்ந்த நாட்கள். வேலை முடிந்து வந்து நிற்கும்போது ஊறப்போட்டது எதுவும் இல்லை, நறுக்கிய காய் இல்லை, கடையில் மாவு பாக்கெட் தீர்ந்துவிட்டது. பசியோடு நான்கு பேர் முகத்தைப் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் பார்சல்தான் வாங்குவார்கள்.

மாவுக்கு நாள் குறித்தது

வாரம் முழுவதற்கும் மூன்று வேளைப் பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டச் சொல்லும் அறிவுரையை நான் பலமுறை படித்திருக்கிறேன். நம் வீடுகளில் அது இரண்டாவது வாரமே கிழிந்துவிடும். அமாவாசை வரும், கிருத்திகை வரும், விருந்தாளி வருவார். செவ்வாய், வெள்ளி கவிச்சி இல்லை, ஞாயிறு கறி அல்லது மீன் என்கிற பட்டியல் ஏற்கெனவே எல்லோர் தலையிலும் இருக்கிறது. அதற்கு மேல் இன்னொன்றைத் திணிக்கத் தேவையில்லை. இந்த வீட்டில் இரவு உணவுக்கு ஒரே ஒரு முளை அடித்தால் போதும் என்று பட்டது. அது மாவு.

மாவரைக்கும் நாட்கள் ஞாயிறும் புதனும் என்று முடிவாயிற்று. எட்டு ஆழாக்குப் புழுங்கல் அரிசிக்கு இரண்டு ஆழாக்கு உளுந்து, ஒரு கரண்டி வெந்தயம். அரிசி ரேஷன் அரிசி. தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். இவர்கள் அதை வாங்கி வேறு யாருக்காவது கொடுத்துவிடுவது வழக்கம். சாதத்துக்கு அந்த அரிசி பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் நான்கைந்து முறை நன்றாகக் கழுவி ஊறவைத்தால் இட்லிக்கு அதைவிடப் பொருத்தமான அரிசி கடையில் இல்லை என்று மாமியார் அடித்துச் சொல்வார். உளுந்தை முதலில் ஆட்டி, குளிர்ந்த நீரைத் தெளித்துத் தெளித்துப் பொங்கவிட்டு எடுக்க வேண்டும். அரிசியை இரண்டு ஈடாகப் போட வேண்டும்.

அடுத்த உத்தியும் மாமியாருடையது. அரைத்த மாவு முழுவதையும் புளிக்க வைத்துவிட்டால் மூன்றாம் நாள் வாயில் வைக்க முடியாது. அதனால் பாதியில் உப்புப் போட்டுக் கரைத்து வெளியே வைத்தார்கள். மீதிப் பாதியை உப்பில்லாமல், கை படாமல், அரைத்த சூட்டோடு குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார்கள். தேவைப்படும் நாளுக்கு முந்தின இரவு அதை எடுத்து உப்புக் கரைத்து வெளியில் வைத்தால் காலையில் புது மாவு. முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை, அடியில் தங்கிய புளித்த மாவில் வெங்காயமும் பச்சை மிளகாயும் தாளித்துப் போட்டுக் குழிப்பணியாரம். பிள்ளைகள் கடைப் பஜ்ஜியை மறந்தது இந்தப் பணியாரத்தால்தான்.

இதில் வேலை யாருடையது என்ற கேள்வி உடனே எழுந்தது. ஞாயிறு அரைப்பது தங்கை, புதன் அரைப்பது அவள் கணவர் என்று எழுதி வைத்தார்கள். அவருக்குப் புதனன்று காலை ஷிப்ட். மாலை நான்கு மணிக்கே வீட்டில் இருப்பார். ஊறப்போடுவது பாட்டியும் பேத்தியும். முதல் சில வாரங்கள் உளுந்து கெட்டியாகி இட்லி கல்லாக வந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு அவர் கை பழகிவிட்டது. இந்த ஏற்பாடு இல்லாதிருந்தால் மொத்தத் திட்டமும் என் தங்கையின் தூக்கத்தில் ஒரு மணி நேரத்தைப் பறித்ததோடு முடிந்திருக்கும்.

காயும் கீரையும்

மலிவு என்று கோயம்பேட்டில் கூடை கூடையாக அள்ளிவந்து அழுகவிடுவது இந்த வீட்டின் இன்னொரு பழக்கம். கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்து வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கு குப்பைக்குப் போனால் லாபம் எங்கே? வாங்கும் அளவைக் குறைத்தார்கள். கெடும் வரிசையில் சமைக்கத் தொடங்கினார்கள். ஞாயிறு வாங்கினால் அன்றும் மறுநாளும் கீரை, வாழைப்பூ. செவ்வாய், புதன் வெண்டை, கத்தரி, பீர்க்கு. வாரக் கடைசியில் பூசணி, சேனை, உருளை, வாழைக்காய். சனிக்கிழமை காய் இல்லாவிட்டால் சுண்டைக்காய் வற்றலோ மணத்தக்காளி வற்றலோ போட்டு வத்தக்குழம்பு. அது மறுநாளும் கெடாது, மறுநாள்தான் ருசியும் கூடும். பீர்க்கங்காய்த் தோல் துவையலாயிற்று, முள்ளங்கிக் கீரை பொரியலாயிற்று. புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. மாமியார் நாற்பது வருடம் முன்பு செய்துகொண்டிருந்தவைதான்.

ரேஷன் கடையில் 30 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம் பருப்பு, 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயில், கிலோ 25 ரூபாய்க்குச் சர்க்கரை. வேலைக்குப் போகும் வீடு வரிசையில் நிற்க முடியாது என்று இவற்றை விட்டுக்கொண்டிருந்தார்கள். மாமியார் போக ஆரம்பித்தார். சரக்கு எல்லா மாதமும் குறித்த நாளில் வந்துவிடும் என்று சொல்ல முடியாது. வந்த மாதங்களில் வெளியே துவரம் பருப்பு விற்ற விலையைப் பார்த்தால் ஒரு நடைக்கு இருநூறு ரூபாய்க்குக் குறையாமல் மிஞ்சியது.

பால், எரிவாயு, மின்சாரம்

பாலில் எதையும் குறைக்காமலே பணம் மிஞ்சியது. 2022 நவம்பரில் ஆரஞ்சு பாக்கெட் விலை ஏறியபோது மாத அட்டை வைத்திருந்தவர்களுக்கு லிட்டர் 46 ரூபாயிலேயே தொடர்ந்தது. 60 ரூபாய் என்பது சில்லறையில் வாங்குபவர்களுக்கு. நாளுக்கு ஒரு லிட்டர் என்றால் மாதம் 420 ரூபாய் வித்தியாசம். அட்டை வாங்கப் போக நேரமில்லை என்று மாதாமாதம் அந்தத் தொகையைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அரை நாள் விடுப்பில் முடிந்த வேலை.

எரிவாயுவில் நோட்டு காட்டிய திருடன் சமையலே அல்ல. தை, மாசிக் காலையில் ஐந்து பேருக்கும் குளிக்க வெந்நீர் போட்டதுதான். மாமியாருக்கு மட்டும் வெந்நீர், மற்றவர்களுக்குக் குழாய்த் தண்ணீர் என்றானதும், அரிசியையும் பருப்பையும் ஊறவைத்து ஒரே குக்கரில் அடுக்கு வைத்து ஏற்றியதும் சேர்ந்து சிலிண்டர் ஏழெட்டு நாள் கூடுதலாக வந்தது. 2023 ஆகஸ்ட் இறுதியில் மத்திய அரசு சிலிண்டருக்கு 200 ரூபாய் குறைத்தது. அது இவர்கள் சாமர்த்தியம் அல்ல என்பதால் சேமிப்புக் கணக்கில் அதைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மின்சாரத்தில் மகனுக்கு ஒரு பொறுப்பு கிடைத்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கும் நம் முறையில் 500 யூனிட் என்பது ஒரு வாசற்படி. 2022 செப்டம்பர் கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 510 யூனிட் ஓடினால் 2,030. கூடுதலாக ஓடிய பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய். காரணம், 500ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரை கிடைத்துவந்த பாதிக் கட்டணச் சலுகையும் போய்விடுகிறது. கோடையில் பிள்ளைகள் அறை ஏ.சி. ஓடும் மாதங்களில் இவர்கள் இந்தப் படியில்தான் தடுக்கி விழுந்துகொண்டிருந்தார்கள். கணக்கெடுக்க வருவதற்குப் பத்து நாள் முன்பிருந்து பையன் மீட்டரைப் பார்த்துச் சொல்வான், அதற்கேற்ப ஏ.சி. அணையும். வாடகை வீடாக இருந்தும் தனி மீட்டர் இருந்ததால் இது நடந்தது. யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் ஒரே விலை வைத்து வசூலிக்கும் வீடுகளில் இந்தச் சாமர்த்தியமெல்லாம் வீட்டுக்காரருக்குத்தான் லாபம்.

தக்காளி இல்லாத ஆடி

2023 ஜூலையில் தக்காளி நூறு ரூபாயைத் தாண்டியது. சென்னைக்குத் தக்காளி பெரும்பாலும் ஆந்திரா, கர்நாடகத்திலிருந்து வருகிறது. அங்கே வரத்து சுருங்கியதும் கோயம்பேடு விலை ஏறியது. ஜூலை 4 முதல் சென்னை ரேஷன் கடைகள் சிலவற்றில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றார்கள். மாதக் கடைசியில் வெளிச் சந்தை இருநூறை நெருங்கியது.

தங்கை வீட்டில் தக்காளியையே நிறுத்தினார்கள். ரசம் எலுமிச்சையிலும் புளியிலும் நடந்தது. சாம்பாரில் மாங்காய்த் துண்டு விழுந்தது. மோர்க்குழம்பு, புளிக்குழம்பு, தேங்காய்த் துவையல் என்று வாரம் நகர்ந்தது. தக்காளிச் சட்னி இல்லை என்று பையன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். தக்காளி இந்த மண்ணுக்கு வருவதற்கு முன்னும் நாம் குழம்பு வைத்தோம் என்று பாட்டி சொன்னதை அவன் நம்பவில்லை. செப்டம்பரில் விலை சரிந்தது.

குறைந்தது யாருடைய தட்டில்?

இனிமேல் சொல்வதைத்தான் இந்த ஆய்வில் நான் முக்கியமானதாகக் கருதுகிறேன். 2023 மே மாதக் கணக்கு நான் எதிர்பார்த்ததைவிட வேகமாக இறங்கியிருந்தது. முட்டையும் தயிரும் வாங்கிய அளவு குறைந்திருந்தது. பிள்ளைகளுக்கும் கணவருக்கும் முட்டை வழக்கம்போல் போய்க்கொண்டிருந்தது. எல்லோருக்கும் முன்னால் மாமியார் சொன்னார்: "தம்பி, நோட்டில் குறைந்தது சாமான் இல்லை. இவள் சாப்பாடு."

தங்கை மறுக்கவில்லை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதை ஊற்றிக்கொண்டு எழுவதும், மிஞ்சாவிட்டால் மோரும் ஊறுகாயுமாக முடித்துக்கொள்வதும் எப்போதும் உள்ள வழக்கம். முன்பு வீட்டில் மிச்சம் நிறைய இருந்தது. அதனால் அது வெளியே தெரியவில்லை. அளந்து சமைக்கத் தொடங்கியதும் மிச்சம் நின்றுபோனது. அவள் பங்கும் அதோடு நின்றுபோனது. அளந்து சமைப்பதைப் பற்றி அறிவுரை சொல்கிறவர்கள் இதை ஏன் சொல்வதில்லை என்று தெரியவில்லை. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இப்படிப்பட்ட சிக்கனத்துக்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பே இல்லை என்று நான் நம்பத் தயாராக இல்லை.

அன்று முதல் குறைக்கக் கூடாதவை என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதினார்கள். ஆளுக்கு ஒரு முட்டை, ஐந்து பேருக்கும். வாரம் இரண்டு மாலை சுண்டல். ஒரு வேளை கீரை. இரவில் ஐவரும் ஒன்றாக உட்கார வேண்டும். தட்டுகள் ஒரே நேரத்தில் போடப்பட வேண்டும். இதனால் ஜூன் மாதச் செலவு மே மாதத்தைவிட ஏறியது. ஏறட்டும் என்றேன்.

புயலும் அதன் பிறகும்

2023 டிசம்பர் மாதம் மிக்ஜாம் புயல் வந்தது. அம்பத்தூர்ப் பகுதியில் பல தெருக்களில் தண்ணீர் நின்றது. மூன்று மாதத்துக்கு என்று மொத்தமாக வாங்கித் தரையில் அடுக்கியிருந்த உளுந்தும் பயறும் நனைந்தன. மின்சாரம் இல்லாததால் பெட்டியில் இருந்த மாவு பொங்கி வழிந்தது. பால் கிடைக்காமல் அலைந்தார்கள். பரணில் இருந்த அவலும் வற்றலும்தான் உதவின. ரேஷன் கடை வழியாக அரசு கொடுத்த 6,000 ரூபாய் நிவாரணம் நனைந்த மெத்தைக்கே போதவில்லை. மொத்தமாக வாங்குவது லாபம் என்பது மேடான வீடுகளுக்கான கணக்கு; பள்ளத்தில் இருப்பவர்கள் ஒரு மாதத்துக்கு மேல் சேர்த்து வைக்கக் கூடாது, வைத்தாலும் பரணில்தான்.

மிச்சமான பணம் கையில் தங்காது என்பதால், 2023 ஜூனிலேயே வங்கியில் பன்னிரண்டு மாதத் தொடர் வைப்பு தொடங்கச் சொல்லியிருந்தேன். அஞ்சலகத் தொடர் வைப்பில் வட்டி பரவாயில்லை, ஆனால் அது ஐந்து ஆண்டுக் கணக்கு. பள்ளிக் கட்டணத்துக்கு ஆகாது. புயல் மாதத்தில் தவணை தவறி அபராதம் கட்டினார்கள். மற்ற மாதங்களில் கட்டிவிட்டார்கள். 2024 ஜூனில் இருவரின் கட்டணமும் அந்த வைப்பிலிருந்து போயிற்று. வளையல் அடகுக்குப் போகவில்லை. முந்தைய ஆண்டு வைத்த சங்கிலி இன்னும் திரும்பவில்லை, வட்டி ஓடுகிறது.

சரியாகாதவையும் உண்டு. சனிக்கிழமை மாலைப் பரோட்டாவை நிறுத்த முடியவில்லை. நிறுத்தவும் வேண்டாம் என்று இப்போது மாதத்துக்கு இரண்டு என்று பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்கள். புரட்டாசியில் கறிச் செலவு இல்லை என்று மகிழ்ந்தால் கொலு, தீபாவளி எனப் பலகாரச் செலவு அதைச் சாப்பிட்டுவிடுகிறது. தங்கைக்கு ஓவர்டைம் வரும் வாரங்களில் ஞாயிறு அரைப்பு தவறுகிறது. அந்த வாரம் பார்சல் திரும்பி வருகிறது. நோட்டில் அது அப்படியே தெரிகிறது. மாமியாரின் காபியைத் தொட வேண்டாம் என்பதில் மட்டும் வீட்டில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. காலையில் இரண்டு, மாலையில் ஒன்று, டிகிரி காபி, ஆரஞ்சு பாக்கெட் பாலில்.